பாதி விலைக்கு ஓர் அலர்ட்

என் மனைவி இருந்தவரை மகள் கனடாவிலிருந்து தினமும் பேசுவாள். அம்மாவிடம்தான். கடைசியில் போன் என் கைக்கு வரும். "சாப்டியாப்பா? மாத்திரை போட்டியா?" என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் ஆமாம் என்பேன். மனைவி போன பிறகு அந்த இரண்டு கேள்விகள்தான் மிஞ்சின. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை, மூன்று நிமிடம். அவளைக் குறை சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். இது சரியில்லை, அது சரியில்லை என்பதைத் தவிர எனக்கும் வேறு பேச்சு வராது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், வீட்டு கிரைண்டர் சுற்றாமல் நின்றுவிட்டது என்று சொன்னேன். புதிது வாங்கச் சொன்னாள். ஆன்லைனில் எட்டாயிரம் காட்டுகிறது, ஒற்றை ஆளுக்கு எதற்கு என்றேன்.

"ஸ்வல்ப தாளுப்பா. விலை குறையும்" என்றாள். மைசூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் பொறு என்பது மட்டும் கன்னடத்தில்தான் வரும்.

அன்றைக்கு வீடியோவில் உட்கார்ந்து, விலை குறைந்தால் மெயில் அனுப்பும் ஒரு தளத்தைக் காட்டிக் கொடுத்தாள். காசு கிடையாது. கிரைண்டர் இருக்கும் பக்கத்தின் லிங்கை எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். மெயில் முகவரி கொடுக்க வேண்டும். எனக்குப் பார்க்கத் தெரியாமல் போய்விடுமோ என்று அவள் முகவரியையும் சேர்த்துக்கொண்டாள். விலை கொஞ்சம் இறங்கினாலும் இரண்டு பேருக்கும் தகவல் வரும். கடைசியில் ஒரு கட்டம்: எந்த விலைக்கு வந்தால் வாங்குவீர்கள்?

நான் நாலாயிரம் என்று போட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்த வெப்சைட்டுப்பா, சரி சார், எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லும்? இது என்ன தேவராஜா மார்க்கெட்டா?"

மார்க்கெட்டில் நான் அப்படித்தான். வெற்றிலையோ வாழைப்பழமோ, சொன்ன விலையில் பாதியைக் கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. மனைவி இரண்டு கடை தள்ளிப் போய், நான் யாரோ என்பதுபோல் நின்றுகொள்வாள். மகள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நிற்பாள். இதையெல்லாம் சொல்லிச் சிரித்தோம். போனை வைத்துவிட்டு மணி பார்த்தால், நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் என் மகளிடம் நான் பேசியதே இல்லை.

புதன்கிழமை காலை விலை இருநூறு இறங்கியதாக மெயில் வந்தது. காபி ஆறுவதற்குள் போன். "பாத்தியாப்பா? இருநூறு இறங்கிடுச்சு. அவசரப்படாதே. ஸ்வல்ப தாளு, இன்னும் குறையும்." கிரைண்டரில் தொடங்கிய பேச்சு அவளுடைய வாடகை வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து ஆபீஸுக்கு. அங்கே பனி கொட்டுகிறதாம், பூட்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். அம்மா போனதிலிருந்து தோசையே சாப்பிடவில்லை, ஒருத்திக்காக மாவு அரைக்கப் பிடிக்கவில்லை என்றாள். நான் முக்கில் இருக்கும் கடையில் பாக்கெட் மாவு வாங்குவதைச் சொன்னேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. விலை நூறு இறங்கும், எண்பது ஏறும், மறுபடி முந்நூறு இறங்கும். இறங்கும்போதெல்லாம் போன் வரும். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மெயிலைப் பார்க்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த கிரைண்டர் வேண்டாம். அந்த போன்தான் வேண்டும். "ஐயாயிரமாவது போட்டு வைப்பா" என்று அவள் கெஞ்சியபோது, ஒரு பைசா ஏறமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன். கிழவனுக்குக் கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

தசராவுக்குத் தெருவெல்லாம் விளக்கு கட்டிக்கொண்டிருந்த வாரம், ஒரு மத்தியானம், மெயில் வந்தது. நீங்கள் கேட்ட விலைக்கு வந்துவிட்டது என்று. பழைய மாடலை விற்றுத் தீர்க்கிறார்கள் போலிருக்கிறது. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

வாழ்நாளில் என் பாதி விலைக்கு யாரும் இவ்வளவு சுத்தமாக இறங்கி வந்ததில்லை. மணியைப் பார்த்தேன். கனடாவில் அப்போது விடிந்திருக்காது. அவள் எழுவதற்குள் எல்லாம் விற்றுத் தீரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மெயிலை அழித்தேன். என் பெட்டியிலிருந்து அழித்தால் அவள் பெட்டியில் இல்லாமல் போய்விடுமா என்ன? ஆனாலும் அழித்தேன்.

மூன்றாம் நாள் வாசலில் பெரிய அட்டைப்பெட்டி. கூடவே அவளிடமிருந்து ஒரு மெசேஜ்: "நீ கேட்ட விலைக்கே வந்துடுச்சு, ஆர்டர் பண்ணிட்டேன். ஜெயிச்சிட்டேப்பா!" போன் வரவில்லை. மெசேஜே போதும் என்று நினைத்திருப்பாள். பெட்டியை ஹாலில் வைத்துப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிரித்து என்ன செய்வது, அரைத்து யாருக்குப் போடுவது?

ஞாயிறு வந்தது. சாப்டியாப்பா, மாத்திரை போட்டியா. கிரைண்டர் நன்றாக அரைக்கிறதா என்று மூன்றாவதாக ஒரு கேள்வி. அரைக்கிறது என்று பொய் சொன்னேன். அடுத்த ஞாயிறு அந்த மூன்றாவது கேள்வியும் இல்லை. தெருவில் கட்டிய விளக்குகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் நானே உட்கார்ந்தேன். விமான டிக்கெட்டுக்கும் இதேபோல் அலர்ட் உண்டு என்று பார்த்து வைத்திருந்தேன். புறப்படும் ஊர், அவளுடைய ஊர். சேரும் ஊர், பெங்களூரு. நான் காரோடு போய் அங்கிருந்து மைசூருக்குக் கூட்டிவரலாம். ஒரு ஆள். மெயில், இரண்டு பேருடையதும். விலைக் கட்டம் வந்தபோது கை பழக்கத்தில் பாதியைப் போடப் போயிற்று. நிறுத்தினேன். அன்றைய விலையில் நூறு ரூபாய் மட்டும் குறைத்துப் போட்டேன்.

நான்காம் நாள் காலை மெயில் வந்தது. காபியைத் தொடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது.

"அப்பா, டிக்கெட் அலர்ட் நீ போட்டியா?"

"ஆமாம்மா."

"எனக்கா?"

"வேற யாருக்கு?"

கிரைண்டருக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள். "ஸ்வல்ப தாளுப்பா. இன்னும் குறையும்."

லீவு இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேலை அதிகம் என்றிருந்தால் சரி என்று வைத்திருப்பேன். விலையைச் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, பேரம் பேசாமல் சொன்னேன்.

"குறைய வேண்டாம்மா. அவங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கலாம். கிரைண்டரை நான் இன்னும் பிரிக்கவே இல்லை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஸ்வல்ப தாளுப்பா" என்றாள். இன்னும் குறையும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றேன்.