சீமாட்டியின் கட்டிலைக் கட்டிப்போட்ட கதை

போன வாரம் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் என் மச்சான் ஏழுமலை கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவர் முழுக்க மரப்பலகை. கிட்டப் போனால் பிளாஸ்டிக்.

"தட்டிப் பாரு மாமா, தேக்கு மாரியே இல்ல?"

தட்டினேன். பவுடர் டப்பா சத்தம். ஆனால் வாசல் கதவு மட்டும் நிஜ மரம். அதற்குப் போட்டிருந்த மெழுகு பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியதும் நான் வேல்ஸுக்குப் போய்விட்டேன். விசா இல்லாமல் அங்கே போனது அந்த ஒரு தடவைதான்.

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்குப் பக்கத்தில், மழையையே குலத்தொழிலாகக் கொண்ட நாடு. கேட்டரிங் படித்துவிட்டு, அங்கே ஒரு பழைய ஜமீன் மாளிகையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். கோடையில் சீட்டு வாங்கிக்கொண்டு ஜனங்கள் சுற்றிப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் பூட்டிவிட்டு நாங்கள் பாலிஷ் போடுவோம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரன் செத்தபின் எங்கே படுப்பான் என்று தெரியும். உயிரோடு இருக்கையில் எங்கே படுத்தான் என்பதை அங்கேதான் பார்த்தேன். சாம்பல் நிறக் கல் சுவர், பலகைக் கல்லைச் செதில் செதிலாக அடுக்கிய கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கொடுவா மீன் குப்புறப் படுத்த மாதிரி இருக்கும். தாத்தா கட்டிய பாதியோடு பேரன் கட்டிய பாதி ஒட்டவில்லை, நடுவில் காரணமே இல்லாமல் மூன்று படி. அதில் விழாத வேலைக்காரன் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே கூடம் முழுக்கக் கறுத்த ஓக் பலகை. ஒரு பலகையைத் தள்ளினால் கதவு. வேலைக்காரன் கண்ணில் படாமல் போய்வர அப்படி ஒரு ஏற்பாடு. சுவரில் வரிசையாக மூதாதையர் படங்கள், எல்லோருக்கும் ஒரே மூக்கு. நான் இறால் கூடையோடு உள்ளே நுழைந்துவிட்ட மாதிரி அந்த மூக்குகள் சுளித்தபடியே இருக்கும்.

மாடியில் பெரிய சீமாட்டியின் படுக்கையறை. நாலு தூண், மேலே விதானம், சுற்றிலும் திரை. மணவறைக்குள் கட்டிலைப் போட்டது போல. சீமாட்டி போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பொறுப்பு க்வென் அம்மாளிடம். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் சிரிப்பு கிடையாது. முதல் மூன்று மாதம் எனக்குச் சோதனை வேலை, தேறாவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார். ஊரிலோ 'அரண்மனையில் உத்தியோகம்' என்று நானே பரப்பிவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போனால் படகுத்துறையில் பயல்கள் சாகும்வரை 'மகாராஜா' என்று கூப்பிடுவார்கள்.

அந்த மூன்றாவது மாதத்தில் ஒருநாள் க்வென் அம்மாள் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். நாலு மணிக்கே இருட்டு. காற்று கிளம்பியது. புகைபோக்கிகள் ஆளுக்கொரு சுருதியில் ஊளையிட்டன. சமையலறை நடையில் ஒரு வரிசை மணி உண்டு. மாடி அறைகளிலிருந்து கம்பி இழுத்தால் கீழே அடிக்கும். ஒவ்வொன்றின் கீழும் அறையின் பெயர். காற்றுக்குக் கம்பி ஆடியிருக்க வேண்டும், பெரிய சீமாட்டி அறை மணி கிணிகிணி என்று அடித்தது.

கரண்டியும் கையுமாக எழுந்து நின்றேன். "வரேம்மா" என்று பதில் வேறு சொன்னேன். பிறகு கோட்டைக்குப்பத்தில் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நைனா, காத்து பயங்கரமா கீது."

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கூர இன்னா, ஓலையா?"

"கல்லு நைனா."

"கல்லா! ஓல பறந்தா பரவால்ல. கல்லு பறந்து வந்தா மண்ட இன்னாடா ஆவும்? எதிரும் புதிருமா ஜன்னலத் தொறந்து வுடு, காத்து வந்த வழியே பூடும். ஆடறதெல்லாம் புடிச்சிக் கட்டு!"

எங்கள் பக்கத்தில் புயலுக்கு அதுதான் செய்வோம். வீடு வீடாக, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கையில் கரண்டியோடு மாடிக்கு ஓடினேன் (சீமாட்டியைக் கரண்டியால் என்ன செய்ய உத்தேசித்தேன் என்று கேட்காதீர்கள்). எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தேன். மழை உள்ளே வந்தது. புகைபோக்கிக் கரி வெள்ளை விரிப்பெல்லாம் வந்து உட்கார்ந்தது. கட்டில் விதானம் ஆடியது. திரைக்கயிற்றை உருவி, கட்டில் தூணைக் கணப்படுப்பின் இரும்புக் கம்பியோடு சேர்த்து, படகைக் கட்டும் முடிச்சுப் போட்டு இறுக்கினேன்.

டவுனிலிருந்து திரும்பிய க்வென் அம்மாள் அறை வாசலில் நின்றார். "எதற்கு இது?"

"கட்டில் பறந்துவிடக் கூடாது என்று."

"இருநூறு வருஷமாகப் பறக்கவில்லையே?"

"கட்டாமல் விட்டும் பறக்காதது உங்கள் அதிர்ஷ்டம்" என்றேன். பயத்தில் வாய் அதுவாகப் பேசும்.

நாளைக்கே விமானம் என்று முடிவுகட்டிவிட்டேன். அவர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். மழையில் நனைந்த முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. கத்தரிக்கவும் கூடாது, கட்டிலுக்கு என்ன வயதோ அதேதான் கயிற்றுக்கும். மூச்சு வாங்க நிமிர்ந்தவர், கரி அப்பிய என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இதை நீ அவிழ்க்கிறவரை உன்னை அனுப்ப மாட்டேன்."

அதன்பிறகு வாரா வாரம் அந்த முடிச்சின் முன் உட்கார்ந்து நகம் தேய முயற்சி செய்தேன். அதாவது, க்வென் அம்மாள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முயற்சி செய்தேன். ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அந்த முடிச்சைத்தான் அதிகம் போட்டோ எடுத்தார்கள்.

மாளிகை இப்போது ஓட்டல். க்வென் அம்மாள் போனில் சொன்னார்: மணிகளைக் கழற்றிவிட்டார்களாம், புகைபோக்கிகளை அடைத்துவிட்டார்களாம், ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடியாம்.

"முடிச்சு?"

"கத்தரித்துவிட்டார்கள். ஒரு நொடிகூட ஆகவில்லை."

ஏழுமலை வீட்டில் காப்பி குடிக்கும்போது ஏரிப் பக்கமிருந்து வாடைக்காற்று கிளம்பியது. வெளியே தென்னை பேயாட்டம் ஆடியது. நான் எழுந்து கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"இன்னா மாமா தேடற?"

"கவுறு எதுனா கீதா?"

"இன்னாத்துக்கு? இங்க இன்னா ஆடுது, கட்டறதுக்கு?"

வாஸ்தவம்தான். திரைச்சீலைகூட அசையவில்லை. காப்பியை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.