எல்லா வாசலுக்கும் ஒரே கும்பிடு

வாக்கு எண்ணும் இடத்தை விட்டு வெளியே வந்ததும் வியாகுலமேரியின் கழுத்தில் மாலை விழுந்தது. கூடவே காதோரம் ஒரு குரலும் விழுந்தது.

"செயிச்சிட்டீக. சந்தோசம். யார் யாரு போட்டாகன்னு இனி நாங்க பாத்துக்கிறோம்."

சொன்னவன் ராக்கையாவின் மகன். சிரித்த முகமாகத்தான் சொன்னான். மேரி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி அது. ராக்கையாவின் திராட்சைத் தோட்டத்தில்தான் பாதி ஊருக்குப் பிழைப்பு. தலைவர் பதவியும் வெகுகாலம் அவர் வீட்டில்தான். பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும் மனைவி ஜோதிலட்சுமியை நிறுத்தினார். மேரி அதே தோட்டத்தில் பழம் அறுப்பவள். மருந்தடித்த தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கிறார்களே, எங்கள் தெருவுக்குக் குழாய் போடுங்கள் என்று கேட்கப் போனவளை, "வேணும்னா நீயே தலைவராகிக்க" என்று விரட்டினார்கள். பள்ளிவாசல் தெருவில் துணி தைக்கும் அம்சத் பீவி அந்தச் சொல்லை விடவில்லை. மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பழம் அறுக்கும் பெண்கள் வேலை முடிந்து, கை கழுவாமல்கூடப் பின்னால் வந்தார்கள்.

இப்போது அவர்கள்தான் கொட்டடித்து, வெடி போட்டு, நன்றி சொல்ல ஊர்வலம் கிளம்பினார்கள். "சிரி மேரி, இழவு வீட்டுக்கா போறோம்?" என்றாள் அம்சத் பீவி. மேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

ராக்கையாவின் தெருவில் திரும்பியபோது முக்கில் பைக்கை நிறுத்தி அவர் மகன் நின்றிருந்தான். மேரி எந்த வாசலில் நிற்கிறாள் என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நாலைந்து வீடு தள்ளிச் சந்தனம்மாள் வீடு. ராக்கையா வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள். "ஓட்டு உனக்குத்தான் ஆத்தா" என்று ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே மெதுவாகச் சொல்லியிருந்தாள். கொட்டுச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவள், மேரியைக் கண்டதும் வெளிறிப்போனாள். இங்கே நிற்காதே என்று கண்கள் கெஞ்சின.

மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றி சொல்லும் ஒவ்வொரு வாசலையும் அவள் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சில வாசல்களை விட்டுப்போவதால்தான், நின்ற வாசல்கள் அவளுக்கு ஓட்டுப் போட்டவை என்று தெரிந்துவிடும்.

"அக்கா, கொட்ட நிப்பாட்டச் சொல்லுங்க. ஒரு வீடு விடாமப் போகணும்."

"எதுத்து வேலை பாத்தவுக வீட்டுக்குமா?"

"எல்லாத்துக்கும். ராக்கையா அய்யா வீட்டுக்கும்."

அம்சத் பீவி பைக்கைப் பார்த்தாள். கொட்டடித்தவர்களைக் கைகாட்டி நிறுத்தினாள்.

அந்தத் தெருவின் முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள் மேரி. ஜோதிலட்சுமியின் படம் ஒட்டிய சுவருக்கும் கும்பிடு. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவருக்கும் கும்பிடு. சந்தனம்மாள் வாசலிலும் அதே கும்பிடு, அதே "நன்றிம்மா". ஒரு சொல் கூடவில்லை. முக்கில் நின்றவன் கொஞ்ச நேரத்தில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ராக்கையா வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளைத் தட்டினாள். உள்ளே நாய் குரைத்தது. சேலை முந்தியில் கை துடைத்தபடி ஜோதிலட்சுமியே வந்து திறந்தாள்.

"தோத்தது நானு. நீ எதுக்கு இப்பிடி வெடவெடன்னு நிக்கிற?"

"பயமா இருக்குக்கா. எனக்கு ஓட்டுப் போட்டவுகள யாரும் ஒண்ணும் செஞ்சிரக் கூடாது."

உள்ளேயிருந்து ராக்கையா, "யாரது?" என்று அதட்டினார்.

"தலைவரு வந்திருக்காக!" என்று திரும்பாமலே குரல் கொடுத்தாள் ஜோதிலட்சுமி. மேரியிடம், "போ. சந்தனம்மா நாளைக்கும் வேலைக்கு வருவா. நான் இருக்கேன்" என்று மெல்லச் சொல்லிக் கேட்டைச் சாத்தினாள். சந்தனம்மாளின் பெயரை மேரி சொல்லியிருக்கவே இல்லை.

சந்தனம்மாளின் வேலை போகவில்லை. மேரியைத்தான் அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்திலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பதவியேற்றபோது உறுதிமொழியின் நடுவே நிறுத்தி, தண்ணீர் குடித்துத்தான் முடித்தாள். குழாய்க்குத் தீர்மானம் போட்ட முதல் கூட்டத்திலும் உள்ளங்கை வியர்த்துக் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.