சத்தம் கேட்ட பிறகும் இழுத்துப் பார்த்தவர்

ஒரு கருவியின் குறையைக் கண்டுபிடித்தது நானில்லை என்பதற்காகவே, அது குறையே அல்ல என்று எழுத என் கை துணியுமா? ஆரணியின் ஒரு சிறு மருத்துவமனையில் கழிந்த இரண்டு நாள்கள் இந்தக் கேள்வியை என் முன் நிறுத்தின.

நோயாளியின் உடலுக்குள் மருந்தை மிக மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் ஒன்றைச் சென்னையில் உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதன் இயந்திரப் பொறியியல் குழுவுக்கு நான் தலைவன். பெருநகர மருத்துவமனைகளில் இருக்கும் வசதி சிற்றூர்களுக்கும் வர வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சிரிஞ்சில் மருந்தைத் தள்ளும் தண்டைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி நான் வரைந்தது. 'டிக்' என்ற சத்தம் கேட்டால் அது பூட்டிக்கொண்டது என்று சோதனைத் தாளில் எழுதியவனும் நான்தான்.

குழுவில் கடைசியாகச் சேர்ந்த பொறியாளர், ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். சிரிஞ்சில் வெறும் தண்ணீரை நிரப்பி, செவிலியர்கள் கருவியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்க நாங்கள் இருவரும் வந்திருந்தோம். வந்த ஒரு மணி நேரத்திலேயே செவிலியர்களின் எல்லாச் சந்தேகங்களும் அவரிடமே போயின. என்னிடம், "டீ சொல்லட்டுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்கள். அது என்னை உறுத்தியது.

மறுநாள் காலை மூத்த செவிலியர் கவ்வியை அழுத்தினார். 'டிக்' என்றது. நான் தாளில் சரி என்று குறித்தேன். அதற்குள் எங்கள் இளம் பொறியாளர் குனிந்து, தண்டை இரு விரல்களால் பற்றி லேசாகச் சுண்டி இழுத்தார். தண்டு கழன்று வந்துவிட்டது.

"ஏன் இழுத்தீங்க? தாள்ல அப்படி இல்லையே."

"பழக்கம் சார். தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலை இழை இழையா முறுக்கிச் சேர்ப்பாங்க. ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்துட்டுதான் எங்க வீட்ல அடுத்த இழைக்குப் போவாங்க. கை தானா போயிடுச்சு."

செவிலியர் சிரித்துவிட்டார். "இன்னா சார், உங்க மிஷினு எங்க வீட்டுக்காரரு மாதிரியே கீது! 'தோ வந்துகினே இருக்கேன்'ம்பாரு. ஆளு இன்னும் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாரு."

எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. ஒரு வருடம் நான் தடவித் தடவிப் பார்த்த கவ்வி அது.

மாலையில் அறிக்கையில் எழுதினேன்: 'பயன்படுத்துபவரின் தவறு, பயிற்சி போதும்.' இளம் பொறியாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சிஸ்டர் சரியாத்தானே சார் அழுத்துனாங்க? பேஷண்டை விட பம்ப் உயரத்துல இருக்கும்போது தண்டு கழண்டுச்சுன்னா, மருந்து மொத்தமும் தானா உடம்புல எறங்கிடும். அடுத்த மாசம் நிஜமான பேஷண்டுக்கு வைக்கப் போறோம்."

"நாளைக்குப் பேசலாம்" என்றேன்.

அவர் தன் வீட்டுக்குப் போனார். பேருந்து நிலையத்தில், புறப்படாமல் நின்ற சென்னைப் பேருந்தில், கருவியை மடியில் வைத்துக்கொண்டு அழுத்தினேன், இழுத்தேன். இருபது முறையில் மூன்று முறை கழன்றது. ஒவ்வொரு முறையும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இதை நானே கண்டுபிடித்திருந்தால் அன்றே குழு முழுவதற்கும் பெருமையாக எழுதியிருப்பேன். அந்த நினைப்புதான் என்னைக் கூச வைத்தது. எங்கோ ஒரு கட்டிலில் படுக்கப்போகிறவரின் உயிரை என் மனத்தாங்கலோடு சேர்த்து எடைபோட்டிருக்கிறேன்.

ஓட்டுநர் ஏறுவதற்குள் இளம் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ரிப்போர்ட்டை நீங்களே எழுதுங்க. கவ்வியோட வடிவமைப்புலதான் குறைன்னு."

"நானா சார்? வரைஞ்சது யாருன்னும் போடணுமா?"

"போடுங்க."

நோயாளிகளிடம் கொண்டுசெல்வது தள்ளிப்போனது. புதிய கவ்வியை வரைந்தவர் அவர்தான். சோதனைத் தாளில் இப்போது 'இழுத்துப் பார்த்தும் கழலவில்லை' என்று இருக்கிறது. கூட்டத்தில் அவரைப் பாராட்டும்போது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆகவே குறை பற்றி எந்த அறிக்கை வந்தாலும், கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் முதலில் படிக்கிறேன்.