டிசம்பரில் ஒரு கடலோட்டம்

கடலாய்வுப் படகொன்றைப் புதுப்பிக்கும் அரச டெண்டர் படிவத்தை, கல்முனைக்குடியில் படகு திருத்தும் என் மச்சானுக்காக நான்தான் நிரப்பினேன். வருடாவருடம் கடல் கொந்தளிக்கும் மாரிமழை தொடங்கும் நாளைக் கொப்பியில் குறித்து வைப்பவன் நான். இருந்தும், டெண்டர் கோரிய திணைக்களம் கேட்டபடியே, திருத்திய படகைக் கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு டிசம்பரில் ஒரு நாளை எழுதினேன்.

“மாரிக்குள்ள ஆரு மச்சான் போட்டைக் கடல்ல இறக்குற?” என்றார் அவர்.

“இப்ப கேட்டதப் போடுவம். பொறகு கதைச்சு மாத்தலாம்” என்றேன்.

கொந்தராத்து கிடைத்தது. மச்சான் எஞ்சினை மாற்றி, உடைந்த அடிப்பாகத்தைப் புதிதாக்கி, குறித்த நாளுக்கு முன்பே வேலையை முடித்தார். கடல்தான் அடங்கவில்லை; அந்த நாளில் படகை ஓட்டிக் காட்ட முடியவில்லை. திணைக்களத்தார் திகதியை மாற்ற மறுத்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார்கள். கடிதத்தோடு என் கையெழுத்திலிருந்த படிவத்தின் பிரதியும் வந்தது.

கடல் குளமாய்க் கிடந்த மார்ச்சில், வேறொருவரிடம் ஒப்படைக்கப் படகை இழுத்துச் சென்றார்கள். அந்த நாளையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன். அதன்பின் எந்தப் படிவத்தையும் மச்சான் என்னிடம் கொண்டுவரவில்லை.