குனிந்தால் ஓடும் நாய்

கட்டிலிலிருந்து குளியலறை வாசல் வரை என் நடையில் பதினெட்டு அடி. வாக்கர் பிடித்து நடப்பவருக்கு அது நாற்பதைத் தாண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்த நாற்பதில் ஏதோ ஒன்றில் நாய்க்குட்டி காலுக்கு இடையே புகுந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்திருந்தது. திருச்சியில் மகள் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு அரியலூருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. நான் மட்டும் இங்கே இருந்தேன். நாய்க்குட்டியை மகளின் அடுக்குமாடியில் அனுமதிக்க மாட்டார்கள்.

குட்டியை எடுத்து வந்தவள் என் மனைவிதான். சிமெண்ட் லாரிகள் நிற்கும் இடத்துச் சாக்கடையோரம், கழுத்தில் கட்டுக்கம்பி இறுகிக் கிடந்ததாம். கம்பியை வெட்டி எடுத்த கால்நடை மருத்துவர், புண் ஆறும் வரை கழுத்தில் பட்டையோ கயிறோ போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிப் போடும் வழி அதோடு அடைபட்டது. அறையில் அடைத்தால் அலறும். மூன்று தடவை அடைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் பக்கத்து வீட்டார் வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். வாசலில் விட்டால் லாரி.

திருமானூரில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனர் ஒரு நாள் வாக்கரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். குட்டி பாய்ந்து அதன் ரப்பர் காலைக் கவ்வி இழுத்தது. வாக்கர் சாய்ந்து விழுந்தது. மைத்துனர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா, இதப் புடிச்சுக்கிட்டு அக்கா நின்னிருந்தா?"

நான் வாக்கரை நிமிர்த்தி வைத்தேன்.

"வயலுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன். எலியப் புடிச்சுத் தின்னுக்கிட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்."

போனில் மனைவியைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி வைத்தார். அவள் எடுத்த எடுப்பில், "அத அனுப்புனா நா இங்கியே இருந்துக்கறேன்" என்றாள்.

"விழுந்தா மறுபடியும் அறுக்கணும்க்கா. பரவால்லியா?"

"சொன்னா கேக்குற மாதிரி பழக்கச் சொல்லு உங்க மாமாவ. சும்மாதான ஒக்காந்து ஓட்ட எண்ணிக்கிட்டிருக்காரு" என்றாள்.

கூரை ஓடுகளை நான் எண்ணியது உண்மைதான், ஆனால் அது மழைக்கு முன் மாற்ற வேண்டியவை எத்தனை என்று பார்ப்பதற்காக. நில அளவையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவனுக்கு எண்ணாமல் இருப்பதுதான் சிரமம்.

மைத்துனர் நிபந்தனை வைத்தார். "நீ வர்ற அன்னிக்கு நா சாக்கோட வருவேன். நீ உள்ள நடந்து வர்றப்ப, மாமா படுன்னு சொல்லி அது படுத்துச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா சாக்குதான்." அவள் சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

கைப்பேசியில் பார்த்த வீடியோவில் ஒரு இளைஞர் கற்றுக்கொடுத்தார். தின்பண்டத்தை நாயின் மூக்கருகே காட்டி, கையை மெதுவாகத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். மூக்கு கையைத் தொடர்ந்து இறங்கும், பின்னாலேயே உடம்பும் இறங்கும். அவர் நாய் இரண்டாவது தடவையே படுத்துவிட்டது. நான் டீக்கடையில் ஒரு பொட்டலம் பொறை ரொட்டி வாங்கி வந்தேன். மூக்கருகே காட்டினேன். குட்டி முகர்ந்து வாலை ஆட்டியது. குனிந்து கையைத் தரைக்குக் கொண்டுபோனேன். ஒரே ஓட்டமாக ஓடி, பின்கட்டுத் துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது.

மறுபடி அழைத்தேன், மறுபடி ஓடியது. பொறையை விட்டு முட்டை, முட்டையை விட்டுக் கறித்துண்டு என்று மாற்றினேன். கூடத்தை விட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். மூக்கருகே கை இருக்கும் வரை எல்லாம் சரியாக நடக்கும். தரையை நோக்கி நான் வளைந்தால் குட்டி இருக்காது. பிறவியிலேயே பிடிவாதம் என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் போனில் அப்படியே சொன்னேன்.

"அதுக்குப் பிடிவாதமாவது? நீங்க கத்துனீங்களா?"

"கத்தல."

"அடிச்சீங்களா?"

"தொடக்கூட இல்ல. குனியறேன், ஓடுது."

"குனியாதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். குனியாமல் தரையைத் தொடுவது எப்படி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை பால் வாங்கப் புறப்பட்டேன். செருப்பின் வார் கழன்றிருந்தது. தெருவில் நின்று அதை மாட்டக் குனிந்தேன். எதிரே லாரி நிழலில் கிடந்த நான்கு நாய்களும் ஒன்றாக எழுந்து ஓடின. நிமிர்ந்தேன், நின்று திரும்பிப் பார்த்தன. சோதிப்பதற்காக இன்னொரு தடவை குனிந்தேன். இன்னும் தூரம் ஓடின.

எங்கள் தெருவில் ஒரு மனிதன் நாயின் முன்னால் குனிவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். கல் எடுக்க. கழுத்தில் கம்பியோடு கிடந்த குட்டிக்கும் அது தெரியாமல் இருக்குமா? என் கையில் கறித்துண்டு இருந்தது வாஸ்தவம். ஆனால் அதன் கண்ணில் பட்டது என் முதுகு வளைந்ததுதான். கைப்பேசி இளைஞரின் நாய் கல்லடி பட்டிருக்காது.

ஆகவே குட்டி வருவதற்கு முன்பே நான் தரையில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை வந்ததிலிருந்து நான் தரையில் உட்கார்ந்ததே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து, கட்டில் காலைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, எப்படியோ இறங்கினேன். சிவப்புத் தரை குளிர்ந்திருந்தது. கால்களை நீட்டிக்கொண்டு, பொறையைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன்.

குட்டி வந்தது. என் காதை முகர்ந்தது. என்னைச் சுற்றி வந்து, பொறையைத் தின்று, வேறொன்றும் நடக்காததால் என் காலை ஒட்டிப் படுத்தது. அது படுக்கும்போதே "படு" என்று சொல்லி இன்னொரு பொறை கொடுத்தேன். நாலைந்து நாளில், சொன்னதும் வயிறு தரையில் படப் படுத்தது. எழுந்து நின்று சொன்னால் மட்டும் தலையைச் சாய்த்து, நான் உட்காருவதற்காகக் காத்திருந்தது. அதைத் திருத்த இன்னும் ஒரு வாரம் வேண்டும். மீதி இருந்தது இரண்டு நாள்.

அவள் வந்த அன்று மைத்துனர் கார்க் கதவைத் திறந்துவிட்டு, கையிடுக்கில் மடித்த சாக்கோடு முன்னால் வந்தார். அவள் வாசற்படியில் வாக்கரை ஊன்றியதும் குட்டி ஊளையிட்டுக்கொண்டு கிளம்பியது. "படு" என்றேன். நின்று என்னைப் பார்த்தது. மறுபடி அவள் பக்கம் திரும்பியது. மைத்துனர் சாக்கை விரித்தார்.

புது வேட்டி கட்டியிருந்தேன். சுவரில் கையைத் தேய்த்தபடி கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து, "படு" என்றேன். குட்டி திரும்பி ஓடி வந்து என் காலருகே படுத்தது. வால் மட்டும் தரையை அடித்துக்கொண்டிருந்தது.

அவள் எங்கள் இருவரையும் தாண்டி நடந்தாள். கட்டில் வரை நாற்பத்தாறு அடி. கட்டிலில் அமர்ந்த பிறகுதான் சிரித்தாள்.

"என்னாங்க இது, நீங்களும் ஒக்காரணுமா?"

மைத்துனர் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அக்கா, ஒரு சாக்குதான் கொண்டாந்தேன். இங்க ரெண்டு பேரு கெடக்குறாங்க."

"நிபந்தனையில் நான் நிற்க வேண்டும் என்று இல்லை" என்றேன். ஆபீசில் பேசுவது போல் வந்துவிட்டது.

"எழுந்திரிங்க மாமா" என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் எழுந்ததும் குட்டியும் எழுந்தது. அவர் வெறும் சாக்கைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது அவள் கட்டிலை விட்டு இறங்குமுன், "ஒக்காருங்க" என்று குரல் கொடுக்கிறாள். நான் இறங்குகிறேன், குட்டி படுக்கிறது, அவள் போகிறாள். திரும்பி வரும் வரை எழுவதில்லை, இரண்டு தடவை எழுவதற்கு என் முழங்காலில் தெம்பில்லை. பகலில் இப்படி ஏழு தடவை ஆகிறது. போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, நடை போதாது, இன்னும் அதிகம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.