மெக்கானிக்கின் குரல் சர்வீஸ்

நெஞ்சில் ஒரு கை, தொண்டையில் ஒரு கை வைத்துக்கொண்டு “ஆ...” என்று இழுக்கிறார். கண் மட்டும் என் கணினித் திரையில் அவர் குரலாக ஓடும் கோட்டின் மேல். கோடு எகிறினால் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

“இன்ஜின் ஐடிலிங் சரியில்ல சார். இன்னொரு வாட்டி.”

கார் மெக்கானிக். வயது நாற்பத்தொன்று. ஏழு வயதில் மங்கத் தொடங்கிய காது இருபதில் முழுதாக அடைத்துக்கொண்டது. போன வருடம்தான் அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் கருவி பொருத்தினார்கள். அதன் வழியே அவர் கேட்ட முதல் பேச்சு அவருடையதேதான்.

“எவன்டா இவன், தகரத்தத் தரையில இழுக்குறான்னு திரும்பிப் பாத்தேன் சார். பின்னாடி யாருமே இல்ல.”

குரலைத் தணிக்கப் பயிற்சி கொடுப்பது என் உத்தியோகம். ஊரில் நான் கத்தினால் மூன்று வயல் தாண்டி மேயும் மாடு தலை நிமிரும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். சான்றிதழைச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறேன். முதல் நாளே மெக்கானிக் அதை நெடுநேரம் பார்த்தார். படிக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். “கோணலா இருக்கு சார்” என்று எழுந்துபோய் நேராக்கினார்.

ஒருநாள் மூச்சைப் பற்றிக் கால் மணி நேரம் விளாசினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்த பிறகுதான் கவனித்தேன். காதுக்கு மேலே தலையில் ஒட்டியிருக்க வேண்டிய கருவியின் வட்டு சட்டைப்பையில் கிடந்தது.

“உதட்டப் பாத்தாலே புரியுது சார். பேட்டரியாவது மிச்சமாகட்டும்.”

அவர் வந்தது ஒன்பது வயது மகளுக்காக. “ஸ்கூல் கேட்டுல நின்னு கூப்பிடாதப்பா, கைய மட்டும் காட்டு. எல்லாரும் சிரிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன்பின் ஒரு வகுப்புகூடத் தவறவில்லை.

நான்கு மாதத்தில் கோடு அடங்கியது. ‘சிறப்பான முன்னேற்றம்’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டு, என் வெற்றியை நேரில் காணப் பள்ளி வாசலுக்கே அவருடன் போனேன்.

மணி அடித்தது. பிள்ளைகளின் கூச்சல், வண்டிகளின் ஹாரன். மெக்கானிக் நெஞ்சில் கை வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே பஞ்சுபோலக் கூப்பிட்டார்: “குட்டிம்மா.”

பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. சத்தம் புகாத அறையில் குரல் பழக்கியவன், தண்ணீர் இல்லாத தொட்டியில் நீச்சல் கற்றுக்கொடுத்தவன்தான். மகள் இரண்டு தோழிகளோடு எதிர்ப்பக்கம் தேடிக்கொண்டே தள்ளிப் போனாள்.

“கையக் காட்டுங்க” என்றேன் பதறி.

“அதுக்கா சார் நாலு மாசம் வந்தேன்?”

நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். “குட்டிம்மா!”

தகரம், கீச்சு, பழைய சரக்கு அத்தனையும் வெளியே வந்தது. தெருவே திரும்பியது. தோழிகள் களுக்கென்று சிரித்தார்கள். முகம் சிவக்க ஓடிவந்த மகள், எம்பி அவர் வாயைப் பொத்தினாள்.

“மொதல்ல மெதுவாத்தான் கூப்பிட்டேன்டா” என்றார் அவர், விரலிடுக்கு வழியாக. “நல்லா வந்துச்சு. உனக்குத்தான் கேக்கல.”

தோழிகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் அவர் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் காதை வைத்தாள்.