தம்பி எலும்புலேர்ந்து அக்காவுக்கு

மூணு வாரத்துக்கு ஒரு தடவ கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறணும். பொண்ணுக்கு ரத்தம் ஏத்தறதுக்கு. தலசீமியா. அவ உடம்பு நல்ல ரத்தத்த ஊற வைக்காது, அடுத்தவங்க ரத்தத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கா. கைக்கொழந்தையில ஆரம்பிச்சது, இப்ப எட்டு வயசு. ஆலப்பாக்கம் தாண்டுனா, “இன்னிக்கு எந்தக் கைம்மா?”ன்னு கேப்பா. “நர்ஸம்மா சொல்லுவாங்க”ம்பேன். எனக்கு அலுத்துப்போச்சு. அதச் சொல்லவே வெக்கமா இருக்கு, குத்து வாங்கறவ அவ.

ரெண்டாவது உண்டானப்ப தெருவே வாழ்த்துச்சு. பொண்ணப் பாக்கற சிதம்பரத்து டாக்டரம்மா மட்டும் நேராவே கேட்டாங்க: “இந்தக் கொழந்த உங்களுக்காகவா, பெரியவளுக்காகவா?” சுர்ருன்னு கோவம் வந்துச்சு. பெத்தவகிட்ட கேக்கற கேள்வியா இது? ரெண்டுக்குந்தான்னேன். பொய் இல்ல, முழு நெசமும் இல்ல. கூடப்பொறந்தது பொருந்துனா அதோட ஸ்டெம்செல்ல, ரத்தத்த ஊற வைக்கற மூல செல்ல, எடுத்து இவளுக்கு ஏத்தலாம், அப்புறம் இவ உடம்பே ரத்தத்த ஊற வச்சுக்கும்னு சொல்லியிருந்தாங்க. அந்த ஆச இல்லன்னா இன்னொண்ணு பெத்திருப்பனான்னு எனக்கே தெரியல.

வயித்துல இருக்கறதுக்கு அந்த நோய் இல்லன்னு டெஸ்ட்டுல தெரிஞ்சுது. ஏழாம் மாசம் என்னப் படுத்தே இருக்கச் சொல்லிட்டாங்க. வூட்டுக்காரர் மட்டும் பொண்ணக் கூட்டிக்கிட்டு சிதம்பரம் போய் வந்தாரு. தொப்புள்கொடி ரத்தத்துலயே அந்த ஸ்டெம்செல் இருக்கும், பிரசவத்தப்ப கொடியில நிக்கற ரத்தத்த அப்பவே பையில புடிக்கணும், அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில முன்னாடியே சொல்லி ஏற்பாடு பண்ணணும்னு டாக்டரம்மா தெளிவாத்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க. யாருக்கும் வலிக்காத காரியம்.

அன்னிக்கே குடும்ப வாட்சப் குரூப்புல ஒரு மெசேஜ். தொப்புள்கொடியக் காய வச்சுத் தாயத்துல போட்ட நம்ம முன்னோருக்கு ஸ்டெம்செல் அப்பவே தெரியுமாம், வெள்ளக்காரன் இப்பத்தான் கண்டுபுடிச்சானாம். அனுப்புனது என் கூடப்பொறந்த அண்ணன். “மச்சானே அனுப்பியிருக்காரு. நம்ம வூட்ல எப்பவும் செய்யறதுதான, அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரியில போய் கெஞ்சணும்?”னுட்டு, இவரு பிரசவ ஆஸ்பத்திரியில எதுவும் சொல்லி வைக்கல. நானும் சரின்னுட்டேன். படிச்சவதான் நானும்.

புள்ள பொறந்தான். கொடி விழுந்ததும் காய வச்சு, வெள்ளித் தாயத்துல அடைச்சு, அரணாக்கயித்துல கட்டுனோம். மூணாம் மாசம் டாக்டரம்மாவப் பாக்கப் போனப்ப, இவரு அத அவுத்து மேசை மேல வச்சு, “பத்திரமா வச்சிருக்கோம்மா”ன்னாரு. அவுங்க சிரிச்சிருந்தாக்கூடத் தேவல. “இது காஞ்ச சதை சார். இதுல உசுரோட ஒரு செல்லுகூட இல்ல. நான் ரத்தத்தக் கேட்டேனே”ன்னாங்க. திரும்பி வரும்போது பஸ்ல வச்சு நல்லாக் கேட்டுடணும்னு புதுச்சத்திரம் வரைக்கும் வார்த்தைய சேத்துக்கிட்டு வந்தேன். பாத்தா, மனுஷன் புள்ள தலையத் தடவிக்கிட்டு அழுவறாரு. அப்படியே விட்டுட்டேன்.

பொருத்தம் பாத்தாங்க. பொருந்திடுச்சு. ஆனா இனிமே அவன் எலும்புக்குள்ளேர்ந்துதான் எடுக்கணும். கொஞ்சம் எடை போடட்டும்னு காத்திருந்தோம். இப்ப அவனுக்கு மூணு வயசு. மயக்கம் குடுத்து இடுப்பெலும்புல ஊசி எறக்குவாங்க, சில நாளு வலிக்கும், ஆபத்து கம்மிங்கறாங்க. பெரியவளுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி, ஏத்துனது ஒத்துக்காமயும் போகலாம். நல்லா வந்துட்டா அவளுக்கு இந்த பஸ்ஸே வேணாம்.

போன வாரம் சென்னையில, ஆபரேஷன் நடக்கப்போற பெரிய ஆஸ்பத்திரியில, ரெண்டு ஃபாரம் நீட்டுனாங்க. வாங்கறவளுக்கு ஒண்ணு, குடுக்கறவனுக்கு ஒண்ணு. ரெண்டுலயும் நாந்தான் கையெழுத்துப் போடணும். எதிர்ல இருந்த கவுன்சிலர் மேடம், “தம்பி நல்லதுக்கு மட்டும் பேசறவங்க உங்க வூட்ல யாராச்சும் இருக்காங்களா? அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்”னாங்க.

ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன். வூட்டுக்காரர், அண்ணன், மாமனார், நான். எல்லாரும் பெரியவ பக்கம். அவன் என் மடியில பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தான்.

“நான் இருக்கேன் மேடம்.” பக்கத்து நாற்காலியிலேர்ந்து பொண்ணு. “அவனக் குத்த வேணாம். வலிக்கும். எனக்கு ரத்தமே போதும்.”

“சும்மா இருடி”ன்னு அவ வாயப் பொத்திட்டு, ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டேன்.